நல்ல சர்வாதிகாரி கிடைத்தால் போரின் விலை குறையுமா? ‘கேலக்டிக் ஹீரோஸ்’ தொடரை முன்வைத்து ஒரு பதில்

நீங்கள் கேட்டிருப்பது இது: ‘லெஜெண்ட் ஆஃப் தி கேலக்டிக் ஹீரோஸ்’ அனிமே கடைசியில் சர்வாதிகாரத்தின் பக்கம்தானே சாய்கிறது? பேரரசின் தளபதியாக இருந்து பேரரசராகும் ரைன்ஹார்ட் மாதிரி ஒரு திறமைசாலியின் கையில் மொத்த அதிகாரமும் போனால் போர் சீக்கிரம் முடியும், சாவும் குறையும் என்றுதானே சொல்கிறது? கூடவே இரண்டு துணைக் கேள்விகள். ஒவ்வொரு போருக்குப் பிறகும் லட்சக்கணக்கில், கோடிக்கணக்கில் சாவு எண்ணிக்கை சொல்கிறார்களே, அது பிரம்மாண்டத்துக்காக மட்டும்தானா? பழைய தொடரைப் பார்ப்பதா, புதியதைப் பார்ப்பதா? முதல் கேள்வியைக் கொஞ்சம் உரித்துப் பார்த்தால், போரின் விலை குறையும் என்றால் மக்களாட்சியை விட்டுக்கொடுக்கலாமா என்பதுதான் உள்ளே இருக்கிறது. அதற்குத்தான் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் எந்த இடத்தில் நின்று பேசுகிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அரசுக் கணக்குத் துறையில், பெரும்பாலும் படைவீரர்களின் குடும்ப ஓய்வூதியக் கோப்புகளோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அரசியல் தத்துவம் முறையாகப் படித்ததில்லை. தொடருக்கு மூலமான தனாகா யோஷிகியின் பத்து நாவல்களையும் ஆங்கிலம் வழியாகப் படித்தேன், தொடரை வசனவரிகளின் துணையோடு பார்த்தேன். ஆகவே கதையில் என்ன நடக்கிறது, எண்கள் என்ன சொல்கின்றன என்பதை உறுதியோடு சொல்வேன். ஆசிரியர் மனதில் என்ன இருந்தது என்று நான் சொல்வதை ஊகமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக. விண்வெளியில் மூன்று அரசுகள். 2,500 கோடிப் பேர் வாழும் பேரரசு, 1,300 கோடிப் பேர் வாழும் மக்களாட்சி நாடான சுதந்திரக் கோள்களின் கூட்டமைப்பு, நடுவில் 200 கோடிப் பேரோடு ஃபெஸான் என்ற வணிக அரசு. பேரரசுக்கும் கூட்டமைப்புக்கும் 150 ஆண்டுகளாகப் போர். மொத்தம் 4,000 கோடி. ஆனால் இந்த அரசுகளுக்கு முன்பிருந்த பழைய கூட்டாட்சி உச்சத்தில் இருந்தபோது மனித இனத்தின் எண்ணிக்கை 30,000 கோடி என்று கதை சொல்கிறது. இந்த ஓர் எண்ணை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. எனக்கு இதுதான் தொடரின் மிகக் கனமான எண். ருடால்ஃப் என்ற ஒருவரை மக்களே தேர்ந்தெடுத்து, பிரதமர் பதவியையும் அரசுத் தலைவர் பதவியையும் சேர்த்தே அவரிடம் கொடுத்து, பிறகு அவரைப் பேரரசராக்கி, அதற்குப் பிறகு வந்த ஐந்து நூற்றாண்டுக் கொடுமைக்கும் போருக்கும் விலையாக ஏழில் ஆறு பங்குக்கு மேல் மக்கள் இல்லாமல் போயிருக்கிறார்கள். ஜெர்மனியில் 1933இல் பிரதமரான ஹிட்லர், 1934 ஆகஸ்டில் அதிபர் பதவியையும் தன்னோடு சேர்த்துக்கொண்டதை அறிந்தவர்களுக்கு இந்தப் பின்கதை எங்கிருந்து வருகிறது என்று விளக்க வேண்டியதில்லை.

இப்போது அந்தச் சாவு எண்ணிக்கைக்கு வருகிறேன். முதல் பெரிய போர் அஸ்டார்ட்டே. பேரரசின் தரப்பில் 20,000 கப்பல்கள், கூட்டமைப்பின் தரப்பில் 40,000. இரண்டு மடங்கு படையோடு போயும் கூட்டமைப்பு தோற்று, 15 லட்சம் பேரை இழக்கிறது. பேரரசின் இழப்பு ஏறத்தாழ 1.5 லட்சம். வேறு எந்தத் தொடராக இருந்தாலும் எண்ணிக்கை இதோடு நின்றிருக்கும். இதில் அந்த 15 லட்சம் பேர் ஒரு கூட்ட அறைக்குள் மறுபடி வருகிறார்கள். கூட்டமைப்பின் நிதிக்குழுத் தலைவர் லெபெல்லோ, அஸ்டார்ட்டேயில் இறந்தவர்களின் குடும்ப ஓய்வூதியத்துக்கு மட்டும் ஆண்டுக்கு 1,000 கோடி தினார் வேண்டும் என்கிறார். அந்த வரியைக் கேட்டதும் தொடரை நிறுத்திவிட்டுக் கணக்குப் போட்டேன். தலைக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 6,600 தினார். ஒரு விண்வெளிப் போர்க் கதையில் ஓய்வூதியத் தொகையை வகுத்துப் பார்க்கும் அளவுக்கு ஒருவர் தகவல் வைத்திருக்கிறாரே என்று எனக்குப் பெரிய மரியாதை வந்தது.

ஏன் இது முக்கியம் என்று சொல்கிறேன். போர்ச் செலவு என்றால் எல்லோரும் குண்டையும் கப்பலையும் நினைக்கிறார்கள். அது ஒருமுறை செலவு. குடும்ப ஓய்வூதியம் தலைமுறை கடந்து வரும். நம் நாட்டில் போரில் இறந்த வீரரின் மனைவிக்கு, அவர் கடைசியாக வாங்கிய ஊதியம் முழுவதும் ஓய்வூதியமாகப் போகிறது. சாதாரண மரணமென்றால் 30 விழுக்காடு. இருபத்து மூன்று வயதில் விதவையான ஒரு பெண்ணின் கோப்பு, தொடங்கி வைத்த எழுத்தர் ஓய்வு பெற்ற பிறகும் ஓடிக்கொண்டிருக்கும். அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தது. அந்தப் போர்வீரர் ஒருவரின் மகளுக்கு மாதம் 73.13 டாலர் ஓய்வூதியம் 2020 வரை போய்க்கொண்டிருந்தது. முதல் உலகப் போருக்காக வாங்கிய கடன் பத்திரங்களில் பெரியதை பிரிட்டன் 2015இல்தான் அடைத்து முடித்தது. தொடரில் லெபெல்லோ கத்துவது இந்த நீண்ட வாலைப் பார்த்துத்தான்.

அவர் கத்துகிற இடம் எது என்பதையும் கவனியுங்கள். கூட்டமைப்பின் தளபதி யாங் வென்-லீ, தன் தரப்பில் ஓர் உயிர்கூடப் போகாமல், இரு நாடுகளுக்கும் நடுவே இருக்கும் பேரரசின் இசர்லோன் கோட்டையைப் பிடித்துத் தருகிறார். வாசலை மூடிவிட்டோம், இனி அமைதி பேசலாம் என்பது அவர் எண்ணம். ஆட்சிக்குழுவோ அந்த வாசல் வழியாகப் பேரரசுக்குள் படையெடுக்கலாமா என்று வாக்கெடுப்பு நடத்துகிறது. லெபெல்லோ பணமில்லை என்கிறார். மனிதவளக் குழுவின் ஹுவாங் ரூயி, தேர்ந்த தொழில்நுட்ப ஆட்களையெல்லாம் படை இழுத்துக்கொண்டதால் போக்குவரத்தும் தொழிற்சாலைகளும் அனுபவமில்லாத கைகளில் கிடந்து தள்ளாடுகின்றன, ஆட்களைத் திருப்பிக் கொடுங்கள் என்கிறார். குழுவின் இன்னொரு உறுப்பினரான கொர்னேலியா வின்சர், கொடுங்கோன்மையை ஒழிக்கும் புனிதக் கடமைக்கு முன்னால் செலவு பார்ப்பதா என்று சீறுகிறார். அப்போது தலைவர் ஒரு கணிப்பைக் காட்டுகிறார். 100 நாளுக்குள் ஒரு பெரிய வெற்றி கிடைத்தால் ஆட்சிக்கான ஆதரவு 15 விழுக்காடு கூடும். தேர்தல் நெருங்கிக்கொண்டிருக்கிறது. ஆறு பேர் ஆதரவு, மூவர் எதிர்ப்பு, இருவர் நடுநிலை. அவ்வளவுதான், 3 கோடிப் பேர் புறப்படுகிறார்கள்.

அந்தப் படையெடுப்பு எப்படிக் கெட்டது என்பதும் செலவுக் கணக்குதான். பேரரசின் எல்லைக் கோள்களிலிருந்து உணவை முழுவதும் அள்ளிக்கொண்டு ரைன்ஹார்ட் பின்வாங்குகிறார். விடுதலை கொடுக்க வந்த படை, பசியோடு நிற்கும் 5 கோடிப் பேருக்குச் சோறு போட வேண்டியதாகிறது. தலைநகருக்குக் கோரிக்கை போகிறது, வழியில் வந்த உணவுக் கப்பல்களை ரைன்ஹார்டின் தளபதி கிர்க்கைஸ் அழிக்கிறார். கடைசியில் விடுதலைப் படையே மக்களிடமிருந்து தானியத்தைப் பிடுங்க, மக்கள் திருப்பி அடிக்கிறார்கள். நடுவில், நிறுத்திவிட்டுத் திரும்பிவிடலாம் என்ற பேச்சு ஆட்சிக்குழுவில் மறுபடியும் எழுகிறது. வெற்றியில்லாமல் திரும்பினால் தங்கள் கதி என்ன என்று பயந்து தள்ளிப்போடுகிறார்கள். அம்ரிட்சர் என்ற விண்வெளிப் பகுதியில் நடந்த கடைசிச் சண்டை முடிந்தபோது 2 கோடிப் பேர் திரும்பவில்லை. லெபெல்லோவின் அதே விகிதத்தில் பெருக்கினால், இவர்களின் ஓய்வூதியம் மட்டும் ஆண்டுக்கு 13,000 கோடி தினாருக்கு மேல். ஆட்சிக்குழு ராஜினாமா செய்கிறது. எதிர்த்து வாக்களித்த மூவர் மட்டும் மிஞ்சுகிறார்கள். அந்த மூவரில் ஒருவர், அதுவரை போர் முழக்கமே செய்துவந்த ட்ரூனிக்ட். தோல்வி வரும் என்று மோப்பம் பிடித்துக் கடைசி நேரத்தில் கையை மாற்றித் தூக்கியவர். அவரே அடுத்த தலைவராகிறார். மக்களாட்சியின் நோயை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய காட்சி அனிமேயில் வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

இதற்கு மூலம் எது என்று கேட்பார்கள். கி.மு. 415இல் ஏதென்ஸ் மக்கள் சபை வாக்களித்து அனுப்பிய சிசிலிப் படையெடுப்பு, நெப்போலியனின் 1812 ரஷ்யப் பயணம், 1944இல் உணவுவழி இல்லாமல் ஜப்பானியப் படை இம்பாலை நோக்கி இறங்கியது என்று மூன்றும் பொருந்துகின்றன. தன் நிலத்தையே காலி செய்து எதிரியைப் பட்டினி போடும் உத்தி 1812இன் சாயல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இம்பால் என்பது என் ஊகம். ஆனால் எந்தத் திட்டமும் இல்லாமல் ‘சூழலுக்கேற்ப நெகிழ்வாகச் செயல்படுவோம்’ என்று மட்டும் சொல்லி அந்தப் படையெடுப்பை முன்மொழிந்த ஃபோர்க் என்ற இளம் அதிகாரியைப் பார்க்கும்போது, ஜப்பானிய வாசகர் ஒருவருக்குத் தன் தாத்தா காலத்துத் தளபதிகள் நினைவுக்கு வராமல் இருந்திருக்க முடியாது.

எண்களைப் புகழ்ந்தேன், அவற்றில் உதைக்கிற இடத்தையும் சொல்ல வேண்டும். 1,300 கோடியில் 3 கோடிப் பேர் என்பது ஆயிரத்துக்கு இரண்டரைப் பேர்கூட இல்லை. முதல் உலகப் போரில் பிரான்ஸ் சுமார் 4 கோடி மக்கள்தொகையில் 14 லட்சம் வீரர்களைப் பறிகொடுத்தது, அதாவது ஆயிரத்துக்கு 35. அந்த அளவுகோலில் அம்ரிட்சர் ஆயிரத்துக்கு ஒன்றரை. இத்தனை சிறிய பங்கு படைக்குப் போனதால் ரயிலும் தொழிற்சாலையும் நிலைகுலையும் என்பதை ஒரு கணக்காளனாக என்னால் ஏற்க முடியவில்லை. ஹுவாங் சொல்வது மக்கள்தொகையில் பத்தில் ஒருவரைப் படைக்கு அனுப்பிய நாட்டுக்குத்தான் பொருந்தும். 150 ஆண்டு இழப்பு சேர்ந்து சேர்ந்து நடுவயதினரைத் தின்றுவிட்டது என்று கதைக்காக வாதாடலாம். ஆனாலும் விகிதம் சரியாக உட்காரவில்லை. எந்தச் செலவுக்கு எது பலியாகிறது என்ற வரிசையை ஆசிரியர் சரியாகப் பிடித்திருக்கிறார், அளவைப் பிடிக்கவில்லை என்பதே என் முடிவு.

இதுவரை சொன்னதெல்லாம் உங்கள் பக்கத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. கூட்டமைப்பு இப்படிக் கெட்டுக் கிடக்கிறது. மறுபக்கம் ரைன்ஹார்ட் பிரபுக்களின் சலுகைகளை ஒழிக்கிறார், அவர்களிடம் வரி வாங்குகிறார், ஏழைக்கும் நீதிமன்றத்தைத் திறந்து விடுகிறார். சண்டையில் வீண் இழப்பு இல்லை. பிறகென்ன? அங்கேதான் வெஸ்டர்லாண்ட் வருகிறது. பேரரசின் உள்நாட்டுப் போரில், தன் மருமகனைக் கொன்ற குடிமக்கள் மேல் பிரௌன்ஷ்வைக் பிரபு அணுகுண்டு போட உத்தரவிடுகிறார். செய்தி ரைன்ஹார்டுக்கு முன்கூட்டியே தெரிகிறது. தடுக்காதீர்கள், படம் எடுத்து நாடெங்கும் காட்டினால் பிரபுக்களின் செல்வாக்கு சரிந்து போர் சீக்கிரம் முடியும், நீண்டால் இதைவிட அதிகம் பேர் சாவார்கள் என்கிறார் அவருடைய ஆலோசகர் ஓபர்ஸ்டைன். 20 லட்சம் பேர் எரிந்து போகிறார்கள். போரும் சீக்கிரம் முடிகிறது. அனிமேயில் ரைன்ஹார்ட் தயங்கிக்கொண்டிருக்கும்போதே நேரம் கடந்துவிடுவதாகக் காட்டிப் பழியைச் சற்று இறக்கியிருக்கிறார்கள். நாவலில் அந்தச் சலுகை இல்லை.

ஓபர்ஸ்டைனின் கணக்கு தவறா? கூட்டிக் கழித்துப் பார்த்தால் சரியாகக்கூட இருக்கலாம், எனக்கு அதில் தீர்ப்புச் சொல்லும் துணிச்சல் இல்லை. நான் பார்ப்பது வேறொன்று. அந்தக் கணக்கை யாரும் தணிக்கை செய்யவில்லை. எந்த அவையிலும் வைக்கப்படவில்லை, யாரும் எதிர்த்து வாக்களிக்கவில்லை. கேட்டவர் ஒரே ஒருவர், பால்ய நண்பர் கிர்க்கைஸ். கேட்ட குற்றத்துக்காக, ஆயுதத்தோடு அருகில் நிற்கும் உரிமையை இழக்கிறார். பிறகு ரைன்ஹார்டைக் கொல்ல வந்தவனை வெறுங்கையோடு தடுத்து இறந்தும் போகிறார். அதற்குப் பிறகு பேரரசில் அந்தக் கேள்வியைக் கேட்க ஆளே இல்லை.

ஆண்டுகள் கழித்து, வெஸ்டர்லாண்டில் மனைவியையும் பிள்ளையையும் பறிகொடுத்த ஒருவன் ரைன்ஹார்டைக் கொல்லப் பாய்கிறான். பிடிபட்ட பின் முகத்துக்கு நேராகக் கேட்கிறான். பேரரசரிடம் பதில் இல்லை. இந்தக் காட்சியை, அஸ்டார்ட்டே நினைவஞ்சலிக் கூட்டத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே ட்ரூனிக்ட் தியாகம் பற்றி முழங்கிக்கொண்டிருக்கும்போது, காதலனை இழந்த ஜெஸ்ஸிகா எட்வர்ட்ஸ் மேடையை நோக்கி நடந்து போய், நீங்கள் எங்கே இருந்தீர்கள், உங்கள் குடும்பத்தார் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்கிறார். அவரை வெளியே கொண்டுபோய்விடுகிறார்கள், தேசிய கீதத்தைப் போட்டு அமுக்குகிறார்கள். ஆனால் அவர் பிறகு தேர்தலில் நின்று வென்று, அதே கேள்வியோடு அவைக்குள் போகிறார். ஒரே இழப்பு, ஒரே கேள்வி. ஓர் ஆட்சியில் அதைக் கேட்க வாக்குச்சீட்டு இருந்தது. இன்னோர் ஆட்சியில் கொலை முயற்சியைத் தவிர வழியில்லை. தொடர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று நீங்கள் கேட்டதற்கு என் பதில் இந்த இரண்டு பேருக்கும் இடையில்தான் இருக்கிறது. ஜெஸ்ஸிகா நல்லபடியாக வாழ்ந்தார் என்று சொல்லி ஏமாற்றமாட்டேன். ராணுவப் புரட்சியின்போது, விளையாட்டரங்கில் கூடிய 2 லட்சம் பேர் நடுவே அவரை அடித்தே கொல்கிறார்கள், கூடவே 20,000 குடிமக்கள் சாகிறார்கள். அதைச் செய்தவர்கள் வாக்கை முடக்கிவிட்டு வந்தவர்கள் என்பதையும் கதை மறக்கவிடுவதில்லை.

ரைன்ஹார்ட் செலவைக் குறைத்தார் என்ற நம்பிக்கைக்கு இன்னொரு தடை, அவருடைய கடைசிப் போர்கள். கூட்டமைப்பு விழுந்த பிறகு இசர்லோனில் ஒதுங்கி நிற்கும் யாங்கின் சிறுபடையால் பேரரசுக்கு உடனடி ஆபத்து எதுவுமில்லை. ரைன்ஹார்டின் ஆலோசகர் ஹில்டா வேண்டாம் என்கிறார். ரைன்ஹார்ட் போகிறார், யாங்கை நேருக்கு நேர் வெல்ல வேண்டும் என்ற ஆசையால். ஃபாரன்ஹைட், ஸ்டைன்மெட்ஸ் என்று இரண்டு தளபதிகளும் பெருந்திரளான வீரர்களும் போகிறார்கள். போர் எப்படி நிற்கிறது? காய்ச்சலில் படுத்திருக்கும்போது கனவில் கிர்க்கைஸ் வந்து போதும் என்கிறார், பேச்சுவார்த்தைக்கு அழைப்பு போகிறது. ஆறுக்கு மூன்று வாக்கில் ஒரு படையெடுப்பு தொடங்கியது உங்களுக்கு அருவருப்பாக இருந்தால், ஒருவரின் ஆசையில் தொடங்கி அவரின் கனவில் நிற்கும் போர் எனக்கு அதைவிடப் பயமாக இருக்கிறது.

இதற்கு முன்பு இருவரும் நேருக்கு நேர் மோதிய வெர்மிலியன் போர் பற்றி நிறையப் பேர் சண்டை போடுகிறார்கள். ரைன்ஹார்டின் கப்பல் யாங்கின் குறிக்குள் இருக்கிறது. தலைநகரில் சரணடைந்துவிட்ட அரசு, சுடாதே என்று ஆணை அனுப்புகிறது. ஆணையை மீறிச் சுடுங்கள் என்கிறார் யாங்கின் அதிகாரி ஷோன்கோப். யாங் நிறுத்துகிறார். இது சரியா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. அரசுப் பணியில் இருந்தவன் என்பதால் எனக்கு யாங்கின் பக்கம் மனம் சாய்கிறது, அது என் தொழிலின் பழக்கமாகவும் இருக்கலாம். சந்தேகமில்லாமல் தெரிவது அதற்குப் பின் நடப்பது. ஒப்பந்தப்படி தோற்ற நாடு ஆண்டுக்கு 1.5 லட்சம் கோடி மார்க் பாதுகாப்பு வரி கட்ட வேண்டும். அந்த நாட்டைக் காப்பாற்றப் பார்க்கும் லெபெல்லோ, முன்பு அத்தனை நேர்மையாக ஓய்வூதியக் கணக்கு சொன்ன அதே மனிதர், யாங்கைக் கைது செய்து பலிகொடுக்கவும் தயாராகிறார். கடைசியில் சொந்த அதிகாரிகளே அவரைச் சுட்டுக் கொல்கிறார்கள். இந்தத் தொடரில் என்னை மிகவும் உலுக்கிய பாத்திரம் அவர்தான். யாங்கையும் ரைன்ஹார்டையும் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், லெபெல்லோவைப் பற்றி யாராவது எழுத வேண்டும்.

ஆக, தொடர் சர்வாதிகாரத்தின் பக்கம் சாய்கிறது என்ற வாசிப்பை நான் ஏற்கவில்லை. ரைன்ஹார்டின் மேல் ஆசிரியருக்குப் பெரும் மயக்கம் இருக்கிறது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் வெர்மிலியனுக்குப் பிறகு இருவரும் சந்திக்கும்போது, மக்களாட்சி என்பது மக்கள் தங்கள் விருப்பத்தாலேயே தங்களைக் கெடுத்துக்கொள்ளும் முறைதானே என்று ரைன்ஹார்ட் கேட்க, மக்களைக் கெடுக்கும் உரிமை மக்களுக்கு மட்டுமே உண்டு, அப்போதுதான் பழியையும் பொறுப்பையும் பிறர் மேல் போட முடியாது என்ற பொருளில் யாங் பதில் சொல்கிறார். அந்த வாதத்துக்குக் கதையில் ரைன்ஹார்டிடமிருந்து முழுப் பதில் கடைசிவரை வரவில்லை.

எதைப் பார்ப்பது என்ற கேள்விக்கு: 1988 முதல் 1997 வரை வந்த 110 அத்தியாயப் பழைய தொடரையே பாருங்கள். 2018இல் தொடங்கிய புதிய வடிவத்தின் கப்பல்களும் முகங்களும் அழகு, ஆனால் வெளிவந்த 48 அத்தியாயங்களும் வெர்மிலியனுக்கு முன்பே நின்றுவிடுகின்றன, நீங்கள் கேட்ட கேள்வியின் பாதிக்கு அதில் இடமே இல்லை. பழையதில் மூன்றாம் அத்தியாயத்தில் ஜெஸ்ஸிகா, பன்னிரண்டாவதில் அந்த வாக்கெடுப்பு, பதினைந்தாவதில் அம்ரிட்சர், இருபத்தாறில் கிர்க்கைஸின் முடிவு, ஐம்பத்து நான்கில் யாங்கும் ரைன்ஹார்டும் பேசுவது. ஐம்பத்து நான்கு வரை வந்துவிட்டு மறுபடி எழுதுங்கள். அப்போதும் ரைன்ஹார்டின் பக்கமே நின்றீர்களானால் உங்கள் காரணத்தைக் கேட்க ஆவலாக இருக்கிறேன்.